கனவை நேராகப் படம்பிடித்தவர்: லூயிஸ் புனுவலும் சர்ரியலிசமும்

கனவில் செத்துப்போன தாத்தா வருவார். திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மடிப்பார். வீடு நம் வீடுதான், ஆனால் அடுப்படிக் கதவைத் திறந்தால் நாம் படித்த பள்ளிக்கூடத்து மைதானம் தெரியும். அங்கே ஒரு மாடு நிற்கும். இதில் எதுவும் கனவுக்குள் இருக்கும்வரை நமக்கு வியப்பாகத் தோன்றாது. தாத்தாவிடம் “நீங்கள் இறந்துவிட்டீர்களே” என்று சொல்ல மாட்டோம், “சாப்பிட்டீர்களா” என்று கேட்போம். விழித்த பிறகுதான் என்னடா இது என்று யோசிக்கிறோம்.

சர்ரியலிசம் என்ற சொல்லைக் கேட்டு மிரள்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். கனவுக்குள் இருக்கும்போது நமக்கு இருக்கும் அந்த வியப்பில்லாத நிலையை விழித்திருக்கும்போதும் பிடித்து வைக்க முடியுமா என்று சிலர் முயன்றார்கள். ஓவியத்தில், கவிதையில் பலர் முயன்றார்கள். சினிமாவில் அதை வாழ்நாள் முழுக்கச் செய்தவர் ஸ்பெயினில் பிறந்த லூயிஸ் புனுவல். சர்ரியலிசத்தை அகராதியில் படிப்பதைவிட இவருடைய வாழ்க்கை வழியாகப் புரிந்துகொள்வது எளிது என்பது என் எண்ணம்.

முதலில் கொஞ்சம் பின்னணி. முதல் உலகப் போரில் ஐரோப்பாவில் லட்சக்கணக்கான இளைஞர்கள் செத்தார்கள். படித்த நாடுகள், அறிவியலும் ஒழுங்கும் தெரிந்த நாடுகள்தான் அந்தப் போரை நடத்தின. அப்படியானால் பகுத்தறிவு, நாகரிகம், தேசம், குடும்ப கௌரவம் என்று நாம் மதித்ததெல்லாம் எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது என்ற கோபம் ஒரு தலைமுறைக்கு வந்தது. அதே காலத்தில், மனிதன் தனக்கே தெரியாமல் மனதுக்குள் நிறைய ஆசைகளைப் புதைத்து வைத்திருக்கிறான், அவை கனவில் எட்டிப்பார்க்கின்றன என்று வியன்னாவில் சிக்மண்ட் ஃபிராய்ட் எழுதிக்கொண்டிருந்தார். இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில், 1924-இல் பாரிஸில் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் சர்ரியலிச அறிக்கையை வெளியிட்டார். அறிவின் மேற்பார்வை இல்லாமல், நல்லது கெட்டது பார்க்காமல், மனதில் எழுவதை எழுதுவோம் என்பது அதன் சாரம்.

இன்று விநோதமாக இருக்கும் எதையும் சர்ரியல் என்று சொல்லிவிடுகிறோம். சினிமாவில் ‘கனவுக் காட்சி’ என்றாலே புகை, மெதுவாக நகரும் உடல்கள், எதிரொலிக்கும் குரல், சாய்ந்த கேமரா. புனுவல் பெரும்பாலும் இதையெல்லாம் ஒதுக்கினார். அவருடைய கேமரா ஒரு குமாஸ்தாவின் கேமரா மாதிரி நேராக, அமைதியாகப் பார்க்கும். ஒரு படத்தில், படுக்கையில் மாடு படுத்திருக்கும். அது ஏதோ தினமும் நடக்கிற காரியம் என்பதுபோல அந்த வீட்டுப் பெண் அதைக் கீழே இறக்கி வெளியே விரட்டுவாள். தாத்தா வெற்றிலை மடிப்பதுபோல.

இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. 1958-இல் மெக்சிகோவில் ‘நசாரின்’ படப்பிடிப்பு. ஒளிப்பதிவாளர் கப்ரியேல் ஃபிகரோவா, மேகங்களையும் மலைகளையும் அழகாக எடுப்பதில் உலகப் புகழ் பெற்றவர். பொப்போகாதெபெத்ல் எரிமலை பின்னால் நிற்க, வெண்மேகம் சூழ, கண்ணைப் பறிக்கும் ஒரு சட்டகத்தை அமைத்து வைத்துக் காத்திருந்தார். புனுவல் வந்து பார்த்தார். கேமராவை அப்படியே திருப்பி, எந்த அழகும் இல்லாத ஒரு சாதாரண நிலப்பரப்பை எடுக்கச் செய்தார். அழகு பார்ப்பவரை மயக்கிவிடும், மயங்கியவர் எதிரே இருப்பதைச் சரியாகப் பார்க்க மாட்டார் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். எனக்கு அவரைப் புரிந்துகொள்ள உதவிய முதல் சாவி இந்தச் சம்பவம்தான்.

சரி, இந்த மனிதர் எங்கிருந்து வந்தார்?

1900 பிப்ரவரி 22 அன்று அரகோன் பகுதியில் தெருவேல் மாகாணத்தின் கலாந்தா என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா கியூபாவில் இரும்புச் சாமான் வியாபாரம் செய்து பணம் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பியவர். ஏழு பிள்ளைகளில் லூயிஸ் மூத்தவர். குடும்பம் சரகோசா நகரத்துக்குக் குடிபெயர்ந்தாலும் கலாந்தா அவரை விடவில்லை. தன் ஊரில் இடைக்காலம் என்பது முதலாம் உலகப் போர்வரை நீடித்தது என்று பின்னாளில் எழுதினார்.

கலாந்தாவில் புனித வெள்ளியன்று நண்பகல் மணி அடித்ததும் ஊரே ஒரே நொடியில் முரசடிக்கத் தொடங்கும். மறுநாள்வரை அது நிற்காது. தோலில் உராய்ந்து கைகளில் ரத்தம் கசியும், அப்போதும் அடிப்பார்கள். இந்த முரசொலி புனுவலின் பல படங்களில் திரும்பத் திரும்பக் கேட்கிறது. அதே ஊரில் இன்னொரு கதையும் உண்டு. கால் வெட்டப்பட்ட ஓர் ஏழைக்கு, 1640-இல் ஒரு நாள் தூங்கி எழுந்தபோது மாதா அருளால் அந்தக் கால் திரும்பக் கிடைத்ததாம். இதைக் கேட்டு வளர்ந்த பையனுக்கு ‘நம்பக்கூடியது’, ‘நம்பமுடியாதது’ என்று உலகத்தை இரண்டாகப் பிரிக்க எப்படி மனம் வரும்? இயேசு சபையினர் நடத்திய பள்ளியில் படித்தார், பதின்ம வயதிலேயே மத நம்பிக்கையை இழந்தார். ஆனால் தேவாலயத்தின் வாசனையும் சடங்கும் பாவம் என்ற சொல்லின் கனமும் அவருக்குள் கடைசிவரை இருந்தன.

1917-இல் மாட்ரிடுக்குப் படிக்கப் போனார். அங்கே தங்கிய மாணவர் விடுதியின் பெயர் ரெசிடென்சியா தெ எஸ்துதியாந்தெஸ். அதே விடுதியில் கவிஞர் ஃபெதெரிகோ கார்சியா லோர்காவும் ஓவியர் சால்வடோர் டாலியும் இருந்தார்கள். மூன்று நண்பர்கள், ஒரே கூரை. புனுவல் வேளாண்மை படிக்கப் போய், பூச்சியியலுக்குத் தாவி, கடைசியில் வரலாறு படித்து முடித்தார். பூச்சியியல் வீண்போகவில்லை. எறும்பும் தேளும் அவர் படங்களில் ஊர்ந்துகொண்டே இருக்கும். மனிதர்களையும் அவர் பூச்சியைப் பார்க்கும் பொறுமையோடுதான் பார்த்தார்.

1925-இல் பாரிஸ். அங்கே ஜெர்மன் இயக்குநர் ஃபிரிட்ஸ் லாங்கின் ஒரு மௌனப் படத்தைப் பார்த்தபோது தன் வேலை சினிமாதான் என்று முடிவு செய்தார். இயக்குநர் ழான் எப்ஸ்டைனிடம் உதவியாளராகச் சேர்ந்து தொழில் கற்றார். அப்புறம் டாலியின் வீட்டில் ஒரு நாள் இருவரும் கனவுகளைப் பேசிக்கொண்டார்கள். நிலவை ஒரு மெல்லிய மேகம் வெட்டிக்கொண்டு போனதையும், அது சவரக்கத்தி கண்ணை அறுப்பதுபோல இருந்ததையும் புனுவல் சொன்னார். தன் உள்ளங்கை முழுக்க எறும்புகள் மொய்த்ததை டாலி சொன்னார். ஒரு வாரத்துக்குள் திரைக்கதை தயார். அவர்கள் வைத்துக்கொண்ட விதி ஒன்றுதான்: அறிவால் விளக்கக்கூடிய எந்தக் காட்சியும் உள்ளே வரக்கூடாது. ஒருவர் ஒரு காட்சியைச் சொன்னால் மற்றவர் உடனே ஏற்கவேண்டும் அல்லது தள்ளவேண்டும். ஏன் என்று கேட்கக்கூடாது.

படத்துக்குப் பணம் கொடுத்தது புனுவலின் அம்மா. அதுதான் 1929-இல் வந்த ‘ஆந்தலூசிய நாய்’. கால்மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான படம். அதில் நாயும் இல்லை, ஆந்தலூசியாவும் இல்லை. தொடக்கத்தில் ஒருவர் மாடத்தில் நின்று சவரக்கத்தியைத் தீட்டுகிறார். புனுவலேதான் அவர். நிலவைப் பார்க்கிறார், மேகம் அதைக் கடக்கிறது, கத்தி ஒரு பெண்ணின் கண்ணை அறுக்கிறது. உண்மையில் அறுபட்டது செத்த கன்றுக்குட்டியின் கண். தெரிந்த பிறகும் நான் அந்த நொடியில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். முதல் காட்சியன்று மக்கள் கலாட்டா செய்தால் எறிவதற்காகக் கோட்டுப் பையில் கற்களை நிரப்பிக்கொண்டு திரைக்குப் பின்னால் நின்றார் புனுவல். கிராமபோனில் மாற்றி மாற்றி வாக்னரின் இசையையும் அர்ஜென்டினா டாங்கோவையும் ஓடவிட்டார். கற்களுக்கு வேலை வரவில்லை, கைதட்டல்தான் கிடைத்தது. பிரெத்தோனின் குழு அவரைத் தங்களில் ஒருவராக ஏற்றுக்கொண்டது.

அடுத்த ஆண்டு வந்த ‘பொற்காலம்’ படத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. நோவாய் என்ற பிரபு குடும்பம் பணம் போட்டது. காதலிக்கத் துடிக்கும் இருவரைச் சமூகமும் தேவாலயமும் ராணுவமும் விருந்துபசாரமும் பிரித்துக்கொண்டே இருப்பதுதான் படம். 1930 டிசம்பரில் வலதுசாரிக் கும்பல் ஒன்று அரங்குக்குள் புகுந்து திரையில் மை எறிந்தது, வரவேற்பறையில் மாட்டியிருந்த ஓவியங்களைக் கிழித்தது. சில நாட்களில் காவல்துறை படத்துக்குத் தடை போட்டது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு அந்தப் படம் திரையரங்குகளுக்கு முறையாகத் திரும்பவில்லை.

இதற்குப் பிறகு அவர் எடுத்தது ஓர் ஆவணப்படம். ஸ்பெயினின் எக்ஸ்த்ரெமதூராவில் லாஸ் உர்தெஸ் என்ற மலைப்பகுதி. ரொட்டியே தெரியாத வறுமை. அரகோன்காரரான ராமோன் அசின் என்ற ஆசிரியர், அரசே வேண்டாம் என்ற கொள்கை கொண்டவர், லாட்டரி விழுந்தால் உன் படத்துக்குப் பணம் தருகிறேன் என்று புனுவலிடம் சொல்லியிருந்தார். விழுந்தது, கொடுத்தார். 1933-இல் ‘ரொட்டியில்லா நிலம்’ தயாரானது. பின்னணிக் குரல் உணர்ச்சியே இல்லாமல் நோயையும் சாவையும் பட்டியல் போடும், பின்னால் பிராம்ஸின் சிம்பொனி ஓடும். இரண்டும் ஒட்டவே ஒட்டாது. பார்ப்பவருக்குக் கண்ணீர் வடித்து ஆறுதல் அடையும் வசதியை அது தருவதில்லை. சர்ரியலிசம் ஏழ்மையைப் பார்க்கும்போது இப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றும். ஆனால் இந்தப் படத்தை முழுமனதோடு என்னால் பாராட்ட முடியவில்லை. ஆடு ஒன்று பாறையிலிருந்து தவறி விழுவதாகக் குரல் சொல்கிறது. சட்டகத்தின் ஓரத்தில் துப்பாக்கிப் புகை தெரிகிறது. சுட்டு வீழ்த்தியிருக்கிறார்கள். கலைக்காக ஓர் உயிரைக் கொல்வது எனக்கு உடன்பாடில்லை. அதைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பரிந்துரைக்கவும் மாட்டேன்.

ஸ்பெயினின் குடியரசு அரசே இந்தப் படத்தைத் தடை செய்தது. 1936-இல் உள்நாட்டுப் போர் வெடித்தது. அந்த ஆகஸ்டிலேயே குடியரசை எதிர்த்துக் கிளம்பிய தரப்பினர் லோர்காவைக் கொன்றார்கள். லாட்டரிப் பணம் கொடுத்த அசினையும் அதே மாதம் வெஸ்கா நகரில் சுட்டுக் கொன்றார்கள். குடியரசுக்காகப் பாரிஸில் வேலை பார்த்த புனுவல் 1938-இல் அமெரிக்கா போனார். நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில் கிடைத்த வேலையையும் 1943-இல் விட்டார். டாலி தன் சுயசரிதையில் இவரை நாத்திகர் என்று எழுதியதால் வந்த நெருக்கடி அது. பழைய நட்பு அதோடு போயிற்று. நாற்பத்தாறு வயதில், ஏறக்குறைய பதிமூன்று ஆண்டுகள் எதையும் இயக்காத ஒரு மனிதராக, மெக்சிகோவில் போய் இறங்கினார்.

பலர் புனுவலின் கதையைப் பாரிஸிலிருந்து நேராகப் பிற்காலப் பிரெஞ்சுப் படங்களுக்குத் தாவிச் சொல்வார்கள். எனக்கு நடுவில் இருக்கும் மெக்சிகோதான் முக்கியம். அங்கே அவர் சுமார் 20 படங்கள் எடுத்தார். குறைந்த பணம், மூன்று வாரப் படப்பிடிப்பு, பாட்டும் அழுகையும் கேட்கும் தயாரிப்பாளர்கள். முதல் படம் ஓடவில்லை, இரண்டாவது நகைச்சுவைப் படம் ஓடியது. அந்தத் தெம்பில் தயாரிப்பாளர் ஓஸ்கர் டான்சிஹர்ஸ், தெருச் சிறுவர்களைப் பற்றி ஒரு படம் எடுக்கச் சொன்னார். புனுவல் பழைய உடைகளைப் போட்டுக்கொண்டு மெக்சிகோ நகரத்தின் சேரிகளில் மாதக்கணக்கில் சுற்றினார். 1950-இல் ‘மறக்கப்பட்டவர்கள்’ வந்தது.

இதில் ஏழைகள் நல்லவர்களாக இல்லை. சிறுவர்கள் கண் தெரியாத பிச்சைக்காரரை அடிக்கிறார்கள், அந்தப் பிச்சைக்காரரும் நல்லவர் இல்லை. பெத்ரோ என்ற சிறுவன் அம்மாவின் அன்புக்கு ஏங்குகிறான், அது கிடைப்பதில்லை. ஓர் இரவு அவன் கனவில் அம்மா சிரித்துக்கொண்டே பச்சை இறைச்சித் துண்டை நீட்டி வருகிறாள். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கை நீண்டு அதைப் பிடுங்கிக்கொள்கிறது. இங்கே புனுவல் மெதுவான அசைவைப் பயன்படுத்துகிறார், வழக்கமாக ஒதுக்கும் உத்தியை. பசியும் தாயும் ஒன்றாகிவிட்ட ஒரு குழந்தையின் மனதை இதைவிடச் சுருக்கமாக யாரும் காட்டி நான் பார்த்ததில்லை. கட்டிக்கொண்டிருக்கும் ஒரு கட்டடத்தின் இரும்புச் சட்டங்களுக்குள் நூறு பேர் கொண்ட இசைக்குழு சத்தமே கேட்காமல் வாசிப்பதுபோல ஒரு காட்சியையும் புகுத்த நினைத்தார், தயாரிப்பாளர் விடவில்லை.

மெக்சிகோவில் படம் சில நாட்களே ஓடியது. நாட்டை அவமானப்படுத்திவிட்டார், வெளியே அனுப்புங்கள் என்றார்கள். மறு ஆண்டு பிரான்சின் கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் விருது கிடைத்தது. மெக்சிகோ கவிஞர் ஒக்டாவியோ பாஸ் தானே எழுதிய கட்டுரையை அங்கே வாசலில் நின்று விநியோகித்தார். அதற்குப் பிறகு மெக்சிகோவிலும் படம் ஓடியது. 2003-இல் அதன் மூலப் படச்சுருள் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

1961-இல் நடந்தது இன்னொரு பெரிய கதை. சர்வாதிகாரி ஃபிராங்கோ ஆண்ட ஸ்பெயினுக்குப் புனுவல் போய்ப் படம் எடுக்கிறார் என்றதும் நாடுகடந்து வாழ்ந்த ஸ்பானியர்கள் கொதித்தார்கள். ‘விரிதியானா’ படத்தின் திரைக்கதையைத் தணிக்கை அதிகாரிகள் படித்து முடிவை மாற்றச் சொன்னார்கள். கன்னியாஸ்திரி ஆக நினைத்த பெண் கடைசியில் ஒன்றுவிட்ட அண்ணனின் அறைக்கதவைத் தட்டி உள்ளே போகிறாள், கதவு மூடுகிறது என்று இருந்தது. கூடாது என்றார்கள். புனுவல் மாற்றினார்: அவள் தட்டுகிறாள், உள்ளே வேலைக்காரப் பெண்ணும் இருக்கிறாள், மூவரும் உட்கார்ந்து சீட்டு விளையாடுகிறார்கள். அதிகாரிகள் ஒப்புதல் கொடுத்தார்கள். யோசித்துப் பாருங்கள், முந்தியதைவிட இது எத்தனை மடங்கு துணிச்சலான முடிவு! வெளியே ஒழுங்காகத் தெரியும் ஒரு காட்சிக்குள் சொல்ல முடியாத ஒன்றை வைப்பதை அவர் கனவிடமிருந்து கற்றிருந்தார். கானில் அந்தப் படம் தங்கப் பனை விருதைப் பகிர்ந்துகொண்டது. விருதை மேடையேறி வாங்கியவர் ஸ்பெயின் அரசின் திரைப்படத் துறைத் தலைவர். வத்திக்கான் நாளிதழ் படத்தைக் கண்டித்த பிறகு அவருடைய பதவி போயிற்று. படம் ஸ்பெயினில் 1977வரை தடையில் இருந்தது.

அடுத்த ஆண்டு மெக்சிகோவில் எடுத்த ‘எக்ஸ்டர்மினேட்டிங் ஏஞ்சல்’ (அழிக்கும் தேவதூதன்) படத்தைத்தான் புதிதாகப் பார்ப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வேன். ஒரு மாளிகையில் விருந்து. சாப்பிட்டு முடித்த கனவான்களும் சீமாட்டிகளும் ஓர் அறையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். வீட்டுக்குக் கிளம்ப முடியவில்லை. கதவு திறந்தே இருக்கிறது, யாரும் தடுக்கவில்லை, ஆனால் ஒருவராலும் வாசலைத் தாண்ட முடியவில்லை. நாட்கள் ஓடுகின்றன. தண்ணீருக்காகச் சுவரை உடைத்துக் குழாயைப் பிளக்கிறார்கள். பட்டு உடையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறும் நிலைக்கு வருகிறார்கள். ஏன் வெளியே போக முடியவில்லை? படம் காரணம் சொல்லாது. பாரிஸில் திரையிட்டபோது, இதற்குச் சிறந்த விளக்கம் விளக்கம் இல்லை என்பதே என்ற பொருளில் ஓர் அறிவிப்பையே போட்டார்கள். விருந்தினர்கள் உள்ளே நுழையும் காட்சி படத்தில் இரண்டு முறை வரும். தவறாக ஒட்டிவிட்டார்களோ என்று பதறி ஃபிகரோவாவே புனுவலிடம் வந்து சொன்னாராம்.

முதல் முறை பார்த்தபோது நானும் காரணம் தேடினேன். அந்த மாளிகைக்குள் வரும் ஆட்டுமந்தை எதைக் குறிக்கிறது, கரடி எதைக் குறிக்கிறது என்று காகிதத்தில் எழுதி வைத்தேன். இரண்டாம் முறை காகிதத்தை விட்டுவிட்டுப் பார்த்தேன். அப்போதுதான் பயம் வந்தது. கதவு திறந்திருந்தும் வெளியே போகாத எத்தனை வீடுகளை நாம் அறிவோம் என்ற நினைப்பும் வந்தது. குறியீடுகளை அவிழ்க்கும் வேலையைப் புதிதாகப் பார்ப்பவர்கள் தயவுசெய்து தள்ளிப்போடுங்கள். ‘பெல் தெ ஜூர்’ படத்தில் விலைமாதர் விடுதிக்கு வரும் ஒரு வாடிக்கையாளர் சிறு பெட்டியைத் திறந்து காட்டுவார், உள்ளே இருப்பதை நமக்குக் காட்ட மாட்டார்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்று வாழ்நாள் முழுக்கப் புனுவலைக் கேட்டார்கள். தனக்குத் தெரியாது என்பதே அவருடைய பதில்.

‘பெல் தெ ஜூர்’ 1967-இல் வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருதை வென்றது. அறுபதுகளின் நடுவிலிருந்து அவர் பெரும்பாலும் பிரான்சில் வேலை செய்தார். எழுத்தாளர் ழான்-குளோத் கரியேரோடு ஆறு படங்கள். தயாரிப்பாளர் செர்ஜ் சில்பர்மான் ஒரு முறை ஆட்களை விருந்துக்கு அழைத்துவிட்டு மனைவியிடம் சொல்ல மறந்துபோன கதையைச் சொன்னார். அதிலிருந்து பிறந்தது ‘பூர்ஷ்வாக்களின் அடக்கமான வசீகரம்’: சில பணக்காரர்கள் சாப்பிட உட்காருகிறார்கள், ஒவ்வொரு முறையும் ஏதாவது நடந்து சாப்பாடு தடைபடுகிறது, அவ்வளவுதான் படம். அதற்கு ஆஸ்கர் கிடைத்தது.

வீட்டில் அவர் புரட்சிக்காரர் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மனைவி ழான் ரூக்கார் பின்னாளில் எழுதிய நினைவுநூலின் தலைப்பு ‘பியானோ இல்லாத ஒரு பெண்ணின் நினைவுகள்’. பொறாமையும் கட்டுப்பாடும் மிகுந்த ஒரு கணவர் அதில் தெரிகிறார். சமூகத்தின் பூட்டுகளைப் படத்தில் அத்தனை தெளிவாகப் பார்த்தவர் தன் வீட்டுக் கதவைப் பார்க்கவில்லை. இது எனக்கு வருத்தம் தருகிறது.

1983 ஜூலை 29 அன்று மெக்சிகோ நகரத்தில் இறந்தார். 1949-இலேயே மெக்சிகோ குடிமகனாகிவிட்டார்.

எப்படிப் பார்க்கலாம்? முதலில் ‘எக்ஸ்டர்மினேட்டிங் ஏஞ்சல்’, அப்புறம் ‘மறக்கப்பட்டவர்கள்’. மனம் பழகியதும் ஒரே இரவில் அவருடைய முதல் படத்தையும், 1977-இல் வந்த கடைசிப் படமான ‘தட் அப்ஸ்க்யூர் ஆப்ஜெக்ட் ஆஃப் டிசையர்’ஐயும் சேர்த்துப் பாருங்கள். இந்தக் கடைசிப் படத்தில் ஒரே பெண்ணாகக் கரோல் பூக்கே, ஆங்கெலா மொலினா என்ற இரண்டு நடிகைகள் மாறி மாறி வருவார்கள். கதைக்குள் யாரும் அதைக் கவனிப்பதில்லை, பார்ப்பவர்களிலும் சிலர் கவனிப்பதில்லை. முடியும் இடத்தில் பாரிஸ் கடைவீதி ஒன்றில், கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு பெண் ரத்தக்கறை படிந்த சரிகைத் துணியின் கிழிசலை ஊசியால் மெல்லத் தைக்கிறாள். கேமரா அவள் கைகளுக்கு அருகில் போகிறது. நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் கத்தியால் ஒரு கண்ணை அறுத்துத் தொடங்கியவர் கடைசியாக எடுத்த காட்சி அது. அந்தத் தையல் தன்னை ஏன் நெகிழவைத்தது என்று தனக்கே தெரியவில்லை என்று தன் நினைவுநூலில் எழுதியிருக்கிறார்.